கழுவி வந்த டிபன் பாக்ஸ்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஆடி மாசம் நடந்தது இது. மேற்கு மாம்பலத்துலேர்ந்து தினமும் எட்டரைக்கு பைக்கை எடுத்துக்கிட்டு தி.நகர் ஆபீசுக்குப் போற ஆள் நான். ஒரு தனியார் கம்பெனியில புகார்ப் பிரிவு. ஹெட்போனை மாட்டினா சாயங்காலம் வரைக்கும் யாராவது திட்டிக்கிட்டே இருப்பாங்க, நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருப்பேன். பதினாலு வருஷம் கேட்டேன். கல்லு மாதிரி ஆளுன்னு ஆபீசுல எனக்குப் பேர் வேற.

அந்தக் கல்லு ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் வாசல்ல பைக்கை நிறுத்திட்டு, இறங்க முடியாம அப்படியே உட்கார்ந்துடுச்சு. அழுகை வருது, எதுக்குன்னு தெரியலை. அதுக்கு முன்னாடியே நாலஞ்சு மாசமா சரியான தூக்கம் கிடையாது. குளிக்கிறதுகூட பெரிய வேலையாத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட போனேன். இது மனச்சோர்வுங்க, சோம்பேறித்தனம் இல்லைன்னு பொறுமையா சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாசம் வேலைக்குப் போகாதீங்க, நல்லா தூங்குங்க, முதல்ல வீட்டுல சொல்லிடுங்கன்னு அனுப்பினார். ஆபீசுல லீவு கொடுத்துட்டாங்க. வீட்டுலதான் சொல்லலை.

பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. வீட்டுல நானும் என் மனைவியும் மட்டும்தான். இருக்கிற ஒரு ஆள்கிட்ட சொல்ல ஏன் வாய் வரலைங்கிறதை அப்புறம் சொல்றேன். வழக்கம்போல எட்டரைக்குக் கிளம்பினேன். வழக்கம்போல அவளும் டிபன் பாக்ஸைப் பையில வச்சுக் கொடுத்தா.

போக இடமில்லாதவனுக்கு இந்த ஊர்ல உட்காரக்கூட இடம் கிடையாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. லஸ் பக்கம் ஒரு பூங்காவுல போய் உட்கார்ந்தா, வாக்கிங் வர்றவங்க கிளம்பினதும் கேட்டைப் பூட்டிடுவாங்க. அங்கேர்ந்து மயிலாப்பூர் கோயிலுக்குப் போனா, மத்தியானம் நடை சாத்திடுவாங்க. கடைசியில சாந்தோம் பக்கம் ஒரு சர்ச் கிடைச்சுது. பகல் முழுக்க திறந்திருக்கும், யாரு என்னன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. கடைசி பெஞ்சுல தலையைக் கவுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவங்க ஜெபம் பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. வெளியில மரத்தடியில பாதி சாப்பிட்டு, பாதியைக் காக்காய்க்கு வச்சுட்டு, அங்கே இருந்த குழாய்லயே பாக்ஸைக் கழுவிக்குவேன். சாயங்காலம் ஆறரைக்கு வீடு. ஆபீசுல இன்னைக்கு ஒரே ரோதனைன்னு ஒரு பொய் வேற. ஓய்வெடுக்கச் சொன்னா, நான் ஓய்வையே ஒரு வேலையா ஆக்கி வச்சிருந்தேன்.

இப்படியே பதினோரு நாள் போச்சு. பன்னிரண்டாவது நாள் பை கொஞ்சம் கனமா இருந்தது. தண்ணி பாட்டில் ரெண்டு வச்சுட்டா போலன்னு நினைச்சேன். மத்தியானம் மரத்தடியில பாக்ஸை வெளியில எடுத்தா, அடியில ஒரு போர்வை. நீலக் கட்டம் போட்ட பழைய காட்டன் போர்வை, துவைச்சு மடிச்சது.

அந்தப் போர்வையை எனக்கு நல்லாவே தெரியும். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி என் மாமியார் தவறிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்ச பிறகும் இவ எழுந்துக்கவே இல்லை. சமைப்பா, போய் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. முதல்ல ஒண்ணும் சொல்லலை. ஒரு மாசம் ஆனதும் எனக்குப் பொறுமை போயிடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து வர்றேன், வீடு இருட்டா கிடக்கு, இவ இதே போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கா. வெள்ளிக்கிழமை அதுவுமா விளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளை படுத்துக் கிடந்தா வீடு உருப்படுமான்னு கத்திக்கிட்டே போர்வையை உருவி மூலையில வீசினேன். அவ எழுந்து முகம் கழுவி விளக்கேத்தினா. அதுக்கப்புறம் அந்த நேரத்துல அவ படுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு அதட்டு போட்டேன், சரியாயிடுச்சுன்னு ஆபீசுல நாலு பேர்கிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். சீ, என்ன மனுஷன் நான்! இப்ப அவகிட்ட எந்த முகத்தோட போய், எனக்கு எழுந்துக்க முடியலைன்னு சொல்றது? அதான் வாய் வரலை.

அன்னைக்கு அந்த மரத்தடியில வெட்கமில்லாம அழுதேன். அப்புறம் பைக்கை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனேன். மணி ரெண்டுகூட ஆகலை. கதவைத் திறந்தவ, ஏன் சீக்கிரம் வந்தீங்கன்னு கேட்கலை. பையை வாங்கிக்கிட்டு உள்ளே போனா. உனக்கு எப்படித் தெரியும்னு நான்தான் கேட்டேன்.

கல்யாணம் ஆனதுலேர்ந்து டிபன் பாக்ஸ் காய்ஞ்ச சோத்தோடதான் வீடு வருமாம். திடீர்னு தினமும் கழுவி வர ஆரம்பிச்சதும் சந்தேகம் வந்திருக்கு. பை ஓரத்துல இருந்த மாத்திரையையும் பார்த்திருக்கா. பார்த்தவ ஏன் கேட்கலைன்னேன்.

"கேட்டா ரோஷத்துல மறுநாளே ஆபீசுக்குப் போயிடுவீங்க. எங்கேயோ உட்கார்ந்துதானே இருக்கீங்க, கொஞ்சம் படுத்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சு" அப்படின்னா.

அந்தப் போர்வையை விரிச்சு அன்னைக்குப் படுத்தவன்தான். மிச்சமிருந்த நாள் பூரா தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். அக்கம்பக்கத்துல கேட்டதுக்கெல்லாம் அவளே ஏதோ சொல்லிச் சமாளிச்சா. முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். பழக்கதோஷத்துல நான் அடிச்சுப் பிடிச்சு எழுந்தேன். படுங்கன்னு சொல்லிட்டு, ரூம் லைட்டைப் போடாம, சத்தமில்லாம போய் விளக்கேத்திட்டு வந்தா. எனக்குத் தாங்கலை. அன்னைக்கு உன்னை அப்படிப் பேசினேனே, நீ எப்படி எழுந்தேன்னு கேட்டேன்.

அவ கோபப்படலை. "எழுந்துக்கலைங்க. எழுந்த மாதிரி இருந்தேன்" அப்படின்னா.

நான் தேறிட்டேன். வேற பிரிவுக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டேன். டாக்டர் மாத்திரையையும் மெதுவா குறைச்சு நிறுத்திட்டார். அவளையும் அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பரவாயில்லைங்க, இப்ப தேவலைன்னுதான் சொல்றா. ஆனா அம்மாவை நினைச்சு அழுது ஓயறதுக்கு அவளுக்கு வேண்டியிருந்த நாட்களை நான் பிடுங்கிட்டேன். அதை இப்ப எங்கே போய் வாங்கிக் கொடுக்கிறது?

இப்பல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவ அசந்து படுத்திருந்தா, எழுப்பாம நானே விளக்கேத்தறேன். அப்படியும், தீக்குச்சி உரசுற சத்தம் கேட்டா போதும், தூக்கத்துலேர்ந்து திடுக்குனு எழுந்து உட்கார்ந்துடறா. அந்தத் திடுக்கிடல் நான் கொடுத்தது. அது அவளை விட்டுப் போற வரைக்கும், எனக்குக் குணமாயிடுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்லை.