தண்டவாளத்துக்கு வைத்த பொட்டு

பெரியப்பா இறந்த நான்காம் மாதம், அவருடைய ரயில் ஒரு டெம்போவில் ஏறி, சென்னீர்குப்பத்திலிருந்து மேனாம்பேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு ப்ளைவுட் பலகை. மாடிப்படியில் திரும்பாது என்பதால் அதை நடுவில் அறுத்து, மேலே கொண்டுபோய் மறுபடியும் பொருத்தினார்கள். அதன்மேல் இரண்டு ஸ்டேஷன்கள், ஒரு ரயில்வே கேட், நீலச் சாயம் பூசிய கண்ணாடியால் ஆன ஏரி, தேங்காய் நாரில் பச்சை தோய்த்துச் செய்த மரங்கள். எஞ்சின் மட்டும்தான் கடையில் வாங்கியது. பெட்டிகளை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த பெரியப்பா, தகரத்தை வெட்டித் தாமே செய்திருந்தார்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ரயிலுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டோம்: பத்து வயதான நான், என்னைவிட இரண்டு வயது மூத்தவனான, பூந்தமல்லியில் இருந்த அத்தை மகன். பெரியம்மா நியாயம் பார்ப்பவர். ஆயுத பூஜை வரை ரயில் என்னிடம் இருக்கட்டும், அன்று எல்லோரும் பார்க்க ஒரு சுற்று ஓடினால் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும், ஓடாவிட்டால் பூந்தமல்லிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எஞ்சினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரங்கள் வழியாக ஏறுகிறது. தண்டவாளத்தில் தூசி படிந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே சனிக்கிழமைதோறும் பழைய வேட்டித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, தண்டவாளத்தை ஓர் அங்குலம் விடாமல் துடைக்க வேண்டும். பள்ளிப் பாடங்களில் நான் ஒருபோதும் காட்டாத சிரத்தையுடன் அதைச் செய்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரயில் பதினொரு சுற்று ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பூஜையன்று காலையில் அப்பா என்னை எஸ்டேட்டில் இருந்த தம்முடைய பட்டறைக்கு அழைத்துப்போவார். வருடம் முழுக்க எண்ணெய் வழிய நிற்கும் லேத்துகள் அன்று குளித்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாப்பிள்ளைகளைப் போல நிற்கும். அந்த ஆண்டு அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, என் ரயில் மட்டும் வெறும் நெற்றியோடு இருப்பது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றியது. உழைக்கும் இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று யோசித்து, இரண்டு தண்டவாளங்களிலும் சாண் இடைவெளியில் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டேன். சக்கரங்களையும் விடவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு ஈடாக எஞ்சினின் முன்னால் இரண்டு பச்சைப்பயறுகளை வைத்தேன்.

மாலையில் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். நான் ஸ்விட்சைப் போட்டேன். எஞ்சின் பயறுகளைத் தள்ளிவிட்டு, ஒரு சாண் தூரம் போய், முனகிவிட்டு நின்றது. தள்ளிவிட்டேன், மறுபடியும் நின்றது.

"பூவும் வெச்சி உட்டா வளைகாப்பே பண்ணிடலாம்" என்றான் அத்தை மகன். "பொண்ணு கைல ரயிலக் குடுத்தா இப்டித்தான் நிக்கும்."

அப்பா குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது? தண்டவாளத்து மேலயே சந்தனத்தப் பூசிகினா கரண்ட்டு எப்டி ஏறும்?"

பூந்தமல்லிக்குப் போகும் டெம்போ தெருமுனையில் திரும்புவதுகூட என் கண்ணில் தெரிந்தது.

பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பிரிட் துணியை எடுத்தார். "உடு தம்பி. உங்க அண்ணன் மட்டும் இன்னா பண்ணாரு? மொத வருசம் இதே மாதிரி பொட்டு வெச்சிட்டு, ஓடலியேன்னு முழிச்சிகினு நின்னாரு."

"மாமாவா? மாமா எங்க பூஜை..." என்று அத்தை மகன் ஆரம்பித்தான்.

"டேய், நீ கீழ போயி பொரித் தட்ட எடுத்துகினு வா" என்றார் பெரியம்மா.

அவன் போனான். அப்பா திடீரென்று சுவரில் இருந்த ஒயரை ஆராயத் தொடங்கினார். பெரியம்மா பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார், பிறகு சக்கரங்களையும். ரயில் கிளம்பி, ஏரியைச் சுற்றி, கேட்டைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"ஓடிச்சில்ல? இங்கியே இருக்கட்டும்" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயில் தங்கியதைவிட, பெரியப்பா செய்த அதே தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதுதான் பெரிய பெருமையாக இருந்தது. பள்ளியில் நாலைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ரயில் இன்று அம்பத்தூரில் என்னுடைய ஃபிளாட்டில், ஓர் அறையின் பாதியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. சனிக்கிழமைகளில் துடைக்கிறேன். ஆயுத பூஜையன்று எஞ்சினின் கூரைமேல் கடுகளவு குங்குமம் வைக்கிறேன். தண்டவாளத்தின் பக்கம் போவதில்லை.

பெரியப்பா பூஜை என்றால் தெருவுக்குப் போய்விடுகிறவர். பொரி கொடுக்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வருவார். வாழ்நாளில் எந்த இயந்திரத்துக்கும், எந்தச் சாமி படத்துக்கும் அவர் பொட்டு வைத்ததில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும், எனக்குமே தெரியும். ஆனால் அன்று அந்த மாடியில், எனக்காகப் பெரியம்மா தம் கணவரைக் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்தினார் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.