நான்காம் அத்தியாயம்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில், அரசியல் துறையில் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சிறைகளே வேண்டாம் என்பதுதான் என் தலைப்பு. துறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். தேர்தல், கட்சி, அரசமைப்பு என்றால் அரசியலாம்; சிறை என்பது சட்டத்துறைக்காரர்கள் பாடாம். அடிமை முறையை ஒழித்த கதையை மட்டும் பக்தியோடு நடத்துவார்கள். அதே கேள்வியை இன்றைய சிறையைப் பற்றிக் கேட்டால், "கொலைகாரனை உன் வீட்டில் வைத்துக்கொள்வாயா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அப்பா சிறைக் காவலர். ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார். தலைப்பைக் கேட்டால் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்து ஒன்றைச் சொன்னார். விசாரணைக் கைதி ஒருவர் காய்ச்சலில் கத்திக்கொண்டிருந்தார். மேலதிகாரியின் உத்தரவில்லாமல் அறையைத் திறக்கக் கூடாது. உத்தரவு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். அவ்வளவு நேரமும் சாவி அப்பாவின் கையில் இருந்தது. பெயரைச் சொல்லாமல் அதை நான்காம் அத்தியாயத்தில் எழுதினேன். கெட்டவர் என்று யாரும் இல்லாமலே அங்கே ஒருவர் சாக முடியும் என்பதுதான் என் வாதமே.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் தொடங்கினார். நான்காம் அத்தியாயம் வந்ததும் எரிச்சலில் தமிழுக்கு மாறினார்.

"யாரும்மா இந்த வார்டர்? பேர் இல்ல, ஊர் இல்ல. நீயே கட்டின கதைன்னு நான் சொன்னா?"

"பேர் சொல்ல முடியாது சார்."

"அப்போ அத்தியாயத்தை எடுத்துடு. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்பா ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. பெயர் வெளியே வந்தால் அப்பா மேல் விசாரணை வரும், பென்ஷன் போய்விடும். கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்துகொண்டிருந்தார்.

"எடுத்துடறேன் சார்," என்றேன், அவர் வாயைத் திறப்பதற்குள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

பட்டம் கிடைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் காப்பாற்றிவிட்ட திமிர் எனக்கு. அல்சூரில் இறங்கியதும் கடிந்துகொண்டேன்.

"எதுக்குப்பா எழுந்தீங்க? பென்ஷன் போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும்," என்றார். "உங்கம்மாகிட்டகூட சொல்லாத விஷயம்மா அது. நீ எழுதுவேன்னுதான் சொன்னேன். செத்துப்போன அந்த ஆளுக்கு இனிமே நான் வேற என்னத்தைச் செய்ய முடியும்?"