காமகுராக் கோயில் வாசல்களில் வேலாயுதம் அண்ணன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் செய்தி வந்தது. கிள்ளானிலிருந்து துணிக்கட்டு ஏற்றிவந்த லோரிக்காரர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார். "அண்ணே, வேலாயுதம் அண்ணன் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான்." கட்டுகளை இறக்கியதும் அதே லோரியில் ஏறிக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். வழி நெடுக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கிள்ளான் கடையில் அவரிடம் துணி எடுத்தவர்களுக்குத் தெரியும், அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே வாசலுக்குப் போய் யாரையாவது கூப்பிட்டுவிட்டு வருவார். உட்காரச் சொன்னால், "உக்காந்தா தூக்கம் வந்துரும் லா" என்பார்.

பல வருடங்களுக்கு முன்பு ஒருமுறை, இரண்டு கடைகளுக்கும் சொந்தக்காரரான முதலாளி எங்கள் இருவரையும் துணி தேர்ந்தெடுக்க யோகோஹாமாவுக்கு அனுப்பினார். வேலை முடிந்துவிட்டது; கப்பலுக்கு இன்னும் ஒருநாள் இருந்தது. ரயிலில் சற்று தூரம் போனால் காமகுரா என்ற கடற்கரை ஊர், அங்கே வானமே கூரையாக ஒரு பெரிய வெண்கல புத்தர் இருக்கிறார் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஆசை. "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆற அமரப் பாத்துட்டு வரலாம்" என்றார் அண்ணன்.

ஆற அமர எதுவும் நடக்கவில்லை. முதல் கோயிலின் கல்படிகளை என்னோடு ஏறியவர், வாசலில் நின்றுவிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வாப்பா. நான் இங்கயே இருக்கேன்."

திரும்பி வந்தபோது வாசலுக்கும் எதிரே இருந்த தேநீர்க் கடைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். அடுத்த கோயிலிலும் அப்படியே. அவருடைய வழக்கமான பரபரப்புதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெரிய புத்தர் இருந்த கோயிலிலும் அவர் உள்ளே வராதபோது எனக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு தூரம் வந்தது வாசல்ல நிக்கவா?"

"கோவிச்சுக்காதப்பா. நல்லாப் பாரு. அவசரப்படாத."

எப்படி நன்றாகப் பார்ப்பது? புத்தரைப் பார்ப்பேன், உடனே வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். குளிர்காற்று. அவர் கோட்டையும் காலில் போட்டிருந்த சப்பாத்தையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, உடுத்தியிருந்த துணியோடு நேராகக் கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு, மார்பளவு. தலை மறைந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் எழுந்துவிட்டார்கள். தலை வெளியே வந்தது, மறுபடி மூழ்கினார். பிறகு நடுங்கிக்கொண்டே கரைக்கு வந்தார்.

"அக்கா போயிட்டாங்கப்பா."

அவருக்கு இருந்தது ஒரே அக்கா, கிள்ளானை அடுத்த கேரி தீவு ரப்பர் தோட்டத்தில். காலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் எங்களுக்குத் துணி பார்த்துக் கொடுத்த ஏஜென்டு வந்து, தந்தி வந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

"தீட்டோட கோயிலுக்குள்ள எப்படி வர்றது?" என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ கிளம்பியிருப்பியா? ரெண்டு பேரும் ரூம்ல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்போம். என்னால முடியாதுப்பா. நடந்துகிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. நீயும் ஆசைப்பட்டு வந்தவன்." ஈரச் சட்டையைப் பிழிந்தார். "அந்த ரூம் தொட்டியில முழுக மனசு வரல. ஊர்லேருந்து கடல் தாண்டித்தானே அக்கா என்னை இடுப்புல தூக்கிட்டு வந்தாங்க."

மீனவப் பெண்ணொருத்தி எதுவும் கேட்காமல் சருகு கூட்டித் தீ மூட்டினாள். அதன் முன்னால் அவர் வாய்விட்டு அழுதார்.

சிங்கப்பூர் வரும்வரை கப்பல் தளத்தில் மேலும் கீழும் நடந்தபடி அக்காவைப் பற்றியே பேசினார். பெயர் பொன்னம்மாள். தோட்டத்தில் பெண்களை ஏசிய கங்காணியை எதிர்த்துப் பேசியவர். குழம்பில் கண்ணீர் வருமளவு மிளகாய் போடுபவர். தம்பியைப் பள்ளிக்கு அனுப்ப ரப்பர் மரம் சீவியவர்.

கிள்ளானில் அண்ணனின் வீட்டில் கூட்டம். வந்தவர்கள் அவர் வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை இறந்தபோது அவள் கைக்குழந்தை.

"அத்தையப் பத்தி அப்பா சொல்லியிருக்காரா?"

"இல்ல மாமா. பேச்செடுத்தாலே எழுந்து போயிருவாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் அதையெல்லாம் அந்தக் கப்பலில் மட்டும்தான் பேசியிருக்கிறார், என்னிடம் மட்டும். வேலாயுதம் அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது நான் ஒருநாளும் பார்த்திராத பொன்னம்மாள்தான்.

"சொல்லுங்க மாமா" என்றாள் அந்தப் பெண். மிளகாயிலிருந்து தொடங்கினேன்.