முப்பது பந்தும் மூன்றாம் விதியும்

எங்கள் சித்தப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில்கூட எதுவும் எழுத்து மூலமாகத்தான் நடக்கவேண்டும் என்பது அவர் கட்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பள்ளிக்கூடக் கிரிக்கெட் டீமில் வேகப்பந்து போட என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முந்தைய வருஷம் அந்த வேலையைப் பார்த்த பையன், காலையும் மாலையும் போட்டுப் போட்டுத் தோளைக் கெடுத்துக்கொண்டு, பேனா பிடிக்கவே சிரமப்பட்டான். அதைக் கேள்விப்பட்ட சித்தப்பா மறுநாளே முழுத்தாளில் ஓர் உத்தரவு எழுதி, எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துச் சுவரில் சாதத்தை மசித்து ஒட்டினார்.

ஒன்று, நாளொன்றுக்கு முப்பது பந்துக்கு மேல் போடக்கூடாது. இரண்டு, மேட்சுக்கு முந்தின நாள் பந்தைத் தொடவே கூடாது. மூன்று, கிணற்றில் தண்ணீர் இழுப்பது முதலான, வலது தோளுக்குச் சிரமம் தரும் வேலை எதுவும் செய்யக்கூடாது.

அதுவரை தினமும் பாதித் தண்ணீரை நானும் மீதியை என் அக்காவும் இழுத்துவந்தோம். என் பாதியை இனி யார் இழுப்பது என்று உத்தரவில் இல்லை. பின்னாளில் நானும் முப்பத்தைந்து வருஷம் விதிகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். விதியில் எழுதாமல் விட்ட இடத்தில் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார். எங்கள் வீட்டில் நின்றது அக்கா. அவளுக்குப் பதினைந்து வயது.

பந்துகளை எண்ணும் பொறுப்பும் அவளுடையதுதான். கொல்லையில் நான் சுவரைப் பார்த்துப் பந்து போடப் போட, கொட்டாங்கச்சியிலிருந்து ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்துக் கீழே வைப்பாள். முப்பது ஆனதும், இன்னும் ஒன்றே ஒன்று என்று கெஞ்சுவேன்.

"சித்தப்பாவுக்கு மனு போடு" என்பாள்.

மேட்சுக்கு முந்தின வாரம் அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கினாள். வீட்டில் பதினான்கு பேர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க என்று விடிந்ததிலிருந்து ராட்டினம் கிறீச்சிட்டபடியே இருந்தது. மூன்றாம் நாள் அக்கா கயிற்றை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு பத்து வாளி இழுத்துக் குடுடா. இதை யாரும் எண்ணமாட்டா."

நான் கூடத்துச் சுவரைக் காட்டி, மூன்றாவதைப் படித்துப் பார்க்கச் சொன்னேன்.

"படிச்சேன். என் தோள் அதுல வரலை" என்று சிரித்துவிட்டு, மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மேட்சில் எனக்கு ஐந்து விக்கெட். முதல் ஓவரில் வீசிய மாதிரியே கடைசி ஓவரிலும் கை வீசியது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, தம் உத்தரவு வேலை செய்த விதத்தை அத்தைக்கு ஒவ்வொரு விதியாக விளக்கினார். அன்று என்னை முதல் இலையில் உட்காரவைத்தார்கள். அக்கா இடது கையால் ரசம் பரிமாறிக்கொண்டு வந்தாள்.

"பரிமாறறச்சே இடது கை என்னடி பழக்கம்?" என்றாள் அத்தை.

அக்கா கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். தூக்கி என் இலைக்குக் கொண்டுவருவதற்குள் தோள் தாங்காமல் கை சரிந்து, ரசம் அத்தனையும் என் மடியில் கொட்டியது. ஐந்து விக்கெட் எடுத்தவனுக்கு இதுதானா மரியாதை என்று எனக்குக் கோபம். பொறாமையில் வேண்டுமென்றே கொட்டினாள் என்று சித்தப்பாவிடம் புகார் செய்தேன். அவர் வழக்கம்போல, எழுதிக் கொடு என்றார்.

கை அலம்பிக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்தேன். என் வலது கைக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.