ஆணி நிற்காத வம்சம்

அய்யாக்கண்ணு ஹைதராபாத்தில் முப்பத்தைந்து வருஷமாகக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். குதிரைகளிடம் அவருக்கு நிறைய மரியாதை உண்டு. முதலாளிகளிடம் துளியும் கிடையாது.

அதிலும் ஸ்ரீகாந்த்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, ஊருக்கு வெளியே உப்பலைத் தாண்டி ஒரு லாயம், அதில் இனப்பெருக்கத்துக்கென்று வளர்த்த சுல்தான் என்றொரு பொலிகுதிரை. அதன் வம்சப் படத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு லாயக் கதவில் மாட்டியிருந்தார். எந்த மூதாதை எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. கால் எப்படி என்று ஒரு வரி கிடையாது. குதிரை என்ன, கோப்பை மேலா நடக்கிறது?

சுல்தானின் குளம்பு ஓடு பழைய காரைச் சுவர் மாதிரி உதிர்ந்தது. ஆணி நிற்கவில்லை. மூன்றாம் முறை லாடம் கழன்ற வெள்ளிக்கிழமை, அய்யாக்கண்ணுதான் கண்டபடி ஆணி அடித்துக் குளம்பைக் கெடுத்துவிட்டார் என்று குதிரைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீகாந்த் எழுதினார். மறுநாளே நான்கு லாயங்களில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலை அய்யாக்கண்ணு கூப்பிடாமலே ஸ்ரீகாந்த்தின் லாயத்தில் போய் நின்றார். தன் பெட்டைக்குதிரையைச் சுல்தானோடு சேர்க்கலாமா என்று பார்க்க, தார்நாகாவிலிருந்து வித்யாலட்சுமி அம்மாள் வந்திருந்தார்.

"கைக்கு சார், எதுக்கு அப்படி எழுதினீங்க?" என்று ஸ்ரீகாந்த்தைக் கேட்டார் அய்யாக்கண்ணு.

"பின்னே? இவ்வளவு பெரிய வம்சத்துக்குக் குளம்பு தானா கெட்டுப்போகுமாங்க?"

அய்யாக்கண்ணு பையிலிருந்து ஒரு லாட ஆணியை எடுத்தார். வம்சப் படத்தில் தாயின் பெயர்மேல் குத்தினார்.

"இவளுக்கு நான்தான் லாடம் அடிச்சேன். இதே உதிரல்." பாட்டியின் பெயர்மேல் இன்னொன்று. "இவளுக்கும் அப்படித்தான்." தாயின் அப்பன் மேல் மூன்றாவது. "இவனுக்கு ஆணியே நக்கோ, வேண்டவே வேண்டாம்னு லாடத்தைப் பசை போட்டு ஒட்டினோம். தீனி, ஈரம், அடிக்கிற கை எல்லாம் பாதிதான் சார். ஓடு தடிப்பா மெலிசாங்கிறது ரத்தத்துல வர்றது. வாங்கும்போது காலைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"படத்தை எதுக்குங்க பாழாக்கறீங்க?" என்றார் ஸ்ரீகாந்த். அந்த மனிதருக்கு வலித்தது அங்கேதான்.

வித்யாலட்சுமி குனிந்து சுல்தானின் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தச் சம்பந்தம் எங்களுக்கு நக்கோ" என்றவர், அய்யாக்கண்ணுவிடம் திரும்பினார். "நாளைக்கு வந்து எங்க பெட்டையோட காலைப் பாருங்க. நான் குழுவுலயும் சொல்றேன்."

அன்று மாலைக்குள் ஸ்ரீகாந்த் தன் பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அது அவர் வம்சத்திலேயே கிடையாது போலிருக்கிறது.