பப்பாளி தின்ற ராஜா

போன சனிக்கிழமை கிள்ளானில் நான் மேடையிலேயே செத்துப்போனேன்.

அதில் ஆச்சரியம் இல்லை. நாடகத்தில் எனக்கு ராஜா வேஷம். தளபதி கையால் குத்துப்பட்டுச் சாக வேண்டும். ஆனால் அது கடைசி சீனில்... நானோ முதல் சீனிலேயே விழுந்துவிட்டேன்!

காரணம்? பப்பாளி.

ஒத்திகை தொடங்கியபோது ராஜாவின் சட்டை என் தொப்பைக்கு மேல் பொத்தான் போட மறுத்தது. தளபதியாக நடித்தவர் செல்லையா. பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பக்கத்து வீடு. ரயில்வே ஆபீசில் பக்கத்து நாற்காலி. ஐம்பது வயதிலும் மூங்கில் மாதிரி இருப்பார். காலையில் பப்பாளி, மத்தியானம் அவித்த பயறு, ராத்திரி மோர் — அவ்வளவுதான் அவர் சாப்பாடு.

"தம்பி, சோத்த விட்டுடுங்க. ஒடம்பு காத்தா பறக்கும்" என்றார்.

விட்டேன். பப்பாளி, பயறு, மோர் என்று அவர் சாப்பாட்டுக்கே மாறினேன். பொத்தான் பூட்டிக்கொண்டது. கண்தான் அடிக்கடி இருட்டிக்கொண்டு வந்தது. ஆபீசில் துரையின் பெயரையே தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் மனைவி மரகதம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏங்க, அவரு ஒடம்பு வேற, ஒங்க ஒடம்பு வேறங்க!"

கேட்டேனா?

மேடையில், "யாரங்கே!" என்று கர்ஜித்தேன். சிம்மாசனம் மேலே போனது. நான் கீழே வந்தேன். என்ன தத்ரூபமான நடிப்பு என்று ஜனங்கள் கைதட்டினார்கள். செல்லையா மட்டும் வாளை எறிந்துவிட்டு ஓடிவந்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

"தம்பி, கண்ணத் தெறங்க... நான் இன்னும் குத்தவே இல்லையே!"

திரையை இறக்கினார்கள். மரகதம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தனக்கென்று கட்டி வந்திருந்த புளிச்சோற்றையும் பொரித்த கருவாட்டையும் ஊட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உலகம் நேரானது. பொத்தான்களைக் கழற்றிவிட்டு, சால்வையால் வயிற்றை மறைத்துக்கொண்டு, கடைசி சீனில் முறைப்படி செத்தேன்.

கதை அதோடு முடிந்ததா? செல்லையாவுக்கு மனசு கேட்கவில்லை. "இனிமே ஒங்க சாப்பாடுதான் என் சாப்பாடு" என்று மறுநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறும் கருவாடும் வெளுத்துக்கட்டினார். திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு. வயிறு!

"அண்ணே, எப்படி இருக்கு?" என்று ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"பப்பாளி இருந்தா ஒரு துண்டு குடுத்தனுப்புங்க லா..." என்று முனகினார்.

ஒரே தெரு, ஒரே ஆபீஸ், ஒரே நாடகம். அதற்காக வயிறும் ஒன்றாகிவிடுமா?

இப்போது மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அவர் தட்டை நான் எட்டிப் பார்ப்பதில்லை — பார்க்க அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?