ஏர் ஃபில்டருக்குள் வைத்த வஸ்திரம்

இதை எழுத நான்கு வருஷமாகத் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுத வராது என்பது ஒரு சாக்கு. பெருமாள் வஸ்திரத்தைப் பற்றித் தப்பாக ஏதும் வந்துவிடுமோ என்பது இன்னொரு சாக்கு. உண்மையில் வெட்கம்தான்.

நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு ஸ்ரீரங்கத்தில். என்னிடம் இருப்பது பழைய முந்நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள். சிலிண்டர் தேய்ந்து புகை தள்ள ஆரம்பித்ததால், உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. போர் போடுவது என்பார்கள். பாலக்கரையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அதைச் செய்தார்.

"ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிட்டு வாங்கண்ணே. அப்புறம் கார்புரேட்டரப் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில் கோயிலில் பழக்கமான ஒருவர், பெருமாளுக்குச் சாற்றிய வஸ்திரத்தில் ஒரு துண்டைப் பிரசாதமாகக் கொடுத்தார். வண்டியில் வைக்க ஆசைப்பட்டேன். ஹேண்டில்பாரில் கட்டினால் காற்றில் பறந்து ரோட்டில் விழும், யாராவது மிதிப்பார்கள். கீழே வைத்தால் என் காலே படும். கால் படாத இடமாகத் தேடி, பக்கவாட்டில் இருக்கும் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் மடித்துச் செருகினேன். எஞ்சின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான் என்று எனக்குத் தெரியும். ஒரு துண்டுத் துணி என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்நூறு ஓடியதும் பாயிடம் போனேன். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. அதன் ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, செங்கல் நிறம் என்றால் சரி. குறைவாக விட்டால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

பிளக் கருப்பாக வந்தது. பாய் சின்ன ஜெட் போட்டார். அப்போதும் கருப்பு. இன்னும் சின்னது போட்டார்.

"என்னண்ணே இது? போரப் பெருசாக்கினா பெட்ரோல் கூடக் கேக்கணும். இது குறைச்சலாக் கேக்குதே!"

"ஸ்ரீரங்கத்து வண்டி பாய். ஏகாதசி இருக்கும்."

சிரித்தார். டப்பா ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த துணியைக் காட்டி, "இது என்னண்ணே?" என்றார். பெருமாள் வஸ்திரம் என்றேன். "அப்ப நான் கை வைக்கல" என்று கிரீஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிளக் செங்கல் நிறத்துக்கு வந்தது. வண்டி அருமையாக ஓடியது.

இரண்டு மாதம் கழித்து வண்டியைத் துடைத்த என் மனைவி, "ஏங்க, பெருமாள் வஸ்திரத்துல எண்ணெய் படுதுங்க" என்று அதை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தாள். அந்த வாரமே மருங்காபுரியில் அவள் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. இருவரும் வண்டியில் போனோம். மணப்பாறை தாண்டியதும் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் சுற்றாமல் இழுத்தது. கிளட்சைப் பிடித்து ஓரத்து மண்ணில் சாய்த்தேன். "ரங்கா" என்றாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

அந்தக் கோபத்தில் பொன்மலைப் பட்டறை வாசல் டீக்கடையில், "பாய் போட்ட போர் சரியில்ல" என்று சொன்னேன். இரண்டே வாரத்தில் அது "பிஸ்டன் உடைஞ்சு வீட்டம்மாவுக்குக் கால் போச்சாமே" என்று என்னிடமே வந்தது. நான் மறுக்கவில்லை. பட்டறை ஆட்கள் பாய் கடைக்கு வண்டி விடுவதை நிறுத்தினார்கள்.

இறுகிய வண்டியைப் பாயிடமே கொண்டுபோனேன். அவர் மறுபடியும் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். இந்தத் தடவை பழைய ஜெட்டில் பிளக் சுண்ணாம்பாக வெளுத்தது. மூன்று அளவு பெரிதாகப் போட்ட பிறகுதான் செங்கல் நிறம் வந்தது. "இப்பத்தாண்ணே போர் போட்ட வண்டி மாதிரி சாப்பிடுது" என்றார். டப்பா பக்கம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு ஸ்பானரைத் துடைத்தார்.

அந்த வருஷப் புரட்டாசி சனிக்கிழமை பூஜை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது வஸ்திரத்தை விரித்தேன். நடுவில் வட்டமாகத் தூசி அப்பியிருந்தது. ஏர் ஃபில்டர் வாயின் அதே அளவு. மூச்சை அடைத்துவைத்து, அந்தக் குறைந்த காற்றுக்கு ஏற்ப ஜெட்டைச் சின்னதாக்கியிருக்கிறோம். துணியை எடுத்ததும் காற்று முழுசாக வந்தது, பெட்ரோல் கூடவில்லை. போரில் ஒரு குறையும் இல்லை.

தினமும் விளக்கேற்றும்போது பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. பாலக்கரைக்குப் போவதுதான் முடியவில்லை.

போன மாதம் அதே டீக்கடையில், புதிதாக வந்த ஒருவரிடம் இன்னொருவர், "அந்தப் பாய்கிட்ட மட்டும் விடாதீங்க, ஒரு அம்மாவுக்குக் காலே போச்சு" என்றார். மறுநாளே வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றார். "ரெண்டாந்தடவ வந்தப்பவே துணி இல்லையே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்?"

"உங்க சாமி துணியாலதான் கெட்டுச்சுன்னு என் வாயால எப்படிண்ணே சொல்றது? நீங்களா கண்டுபிடிச்சு வருவீங்கன்னு இருந்தேன். நல்லா வந்தீங்க, நாலு வருஷம் கழிச்சு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் டீ சொன்னார். "என்கிட்ட சொன்னாப் பத்தாதுண்ணே. முன்ன எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்த ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா! வஸ்திரம் இருந்தவரைக்கும் வண்டி ஓடிச்சு. எடுத்ததும் கவுத்துடுச்சு. அதான் பெருமாள்!"

அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். என் வாழ்க்கையில் பெருமாள் செய்தது நிறைய இருக்கிறது, இது அதில் சேராது. வஸ்திரத்தின் மேலும் குற்றமில்லை. வைக்கக் கூடாத இடத்தில் வைத்தவன் நான், வீண்பழி சொன்னவனும் நான். பாய் போட்ட போர் முதல் தடவையே சரியாக இருந்தது. இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது சொல்வதென்றால் இதை இப்படியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம், என் தப்பைக் குறைக்கவும் வேண்டாம். என் மனைவிக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுங்கள்.